முந்நூறு டாலர் கணக்கு



"மெஷின் லேர்னிங் படிக்க கூகுள் கிளவுட் 300 டாலர் சும்மா தருதே, போதாதாண்ணா?" என்று தம்பிகள் கேட்கிறார்கள். தருகிறது, 90 நாளைக்கு. ஆனால் அந்த இலவசக் கணக்கில் மெஷினோடு ஜி.பி.யூ. சேர்க்க முடியாது, நமக்கு வேண்டியதே அதுதானே! அதற்குக் கட்டணக் கணக்காக மாற்றணும். மாற்றிவிட்டால், 300 டாலர் தீர்ந்தபின் பில் கார்டுக்கு வரும். அப்பா கார்டு என்றால் அப்பாவுக்கு! மெஷினை நிறுத்தி வைத்தாலும் டிஸ்க் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். பட்ஜெட் எச்சரிக்கை மின்னஞ்சல்தான் அனுப்பும், செலவை நிறுத்தாது.

ஆரம்பத்துக்கு கோலாப், கேகிள் போதும். கார்டே கேட்க மாட்டார்கள். கோலாபில் ஜி.பி.யூ. எப்போதும் கிடைக்காது, பாதியில் அறுந்தும் போகும். அதனால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மாடலை டிரைவில் சேமித்துக்கொள்ளுங்கள்.