நல்ல துடுப்பு மட்டையைத் தெரிதல்

துடுப்பு மட்டையின் தரத்தை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன. அது எந்த மரம், அதை அழுத்திச் செதுக்கிய கை எத்தகையது, அதைத் தூக்கி ஆடப்போகிறவரின் உடல்வாகு என்ன என்பவையே அவை. மட்டையில் ஒட்டியுள்ள பெயர் இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது. மாரி மழை ஓய்ந்து தை பிறந்ததும் உடுவில், சுன்னாகம், மானிப்பாய்ப் பக்கமெல்லாம் பாடசாலைத் துடுப்பாட்டம் சூடுபிடித்துவிடும். யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் வடக்கின் பெரும் போரும், சென் பற்றிக்ஸ் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் 1917 முதல் ஆடிவரும் பொன் அணிகளின் போரும் நெருங்கும் காலத்தில் புது மட்டை கேட்காத பிள்ளைகள் குறைவு. நல்ல மட்டைக்குக் குடும்பங்கள் பெருந்தொகை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அதைப் பார்த்து வாங்கத் தெரிந்திருப்பது அவசியம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, மட்டை எந்தப் பந்துக்கு என்பது. ஒழுங்கையிலும் வளவிலும் தென்னமட்டையைச் செதுக்கி ஆடத் தொடங்கும் பிள்ளை அடுத்துப் பழகுவது மென்பந்தில். டெனிஸ் பந்துக்கு விலை உயர்ந்த இங்கிலாந்து மரம் வேண்டியதில்லை. கைக்கு இலேசான காஷ்மீர் மட்டை தாராளமாகப் போதும். ஆனால் மென்பந்துக்கென்று பின்புறம் ஆழமாகக் குடைந்து செய்த மட்டையோடு கடினப்பந்துக்கு முகம் கொடுத்தால் அது விரைவில் பிளந்துவிடும்.

கடினப்பந்து மட்டைக்கு உலகெங்கும் வில்லோ மரமே பாவிக்கப்படுகிறது. அடி விழும்போது அதன் நார்கள் நொருங்காமல் அமுங்கி, மீண்டு பந்தைத் தள்ளுகின்றன, மரமும் பாரமற்றது. இவ்விரு குணங்களும் சேர்ந்து அமைந்த வேறு மரம் அரிது. இதில் உயர்ந்தது இங்கிலாந்தின் எசெக்ஸ், சபோக் போன்ற பகுதிகளின் ஈரநிலங்களில் வளரும் வெள்ளை வில்லோ வகை. நட்டு ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகளில் தறித்து, துண்டுகளாகப் பிளந்து, உலர்த்தி ஏற்றுமதி செய்கிறார்கள். எசெக்ஸில் 1894 முதல் இயங்கும் ஜே. எஸ். றைற் நிறுவனம் இந்தத் துண்டுகளை உலகின் பல மட்டைத் தொழிலகங்களுக்கு வழங்கிவருகிறது. காஷ்மீரில் வளரும் வில்லோ இன்னும் அடர்த்தியானது, சற்றே பழுப்பு நிறமானது, பாரம் கூடியது. பந்து அதிலிருந்து அவ்வளவு துள்ளிப் போகாது. ஆனால் விலை குறைவு. முரட்டு அடியைத் தாங்கும். கடினப்பந்து பழகத் தொடங்கும் மாணவருக்கு அது பொருத்தமான முதல் மட்டை.

மரத்தின் தரத்தை மட்டையின் முகத்தில் நெடுக ஓடும் ரேகைகளில் பார்க்கலாம். ஒவ்வொரு ரேகையும் மரத்தின் ஓராண்டு வளர்ச்சி. ஆறு முதல் பன்னிரண்டு வரையான ரேகைகள் தோளிலிருந்து அடிவரை நேராக ஓடினால் அது நல்ல மரம். நெருங்கிய ரேகை உள்ள மட்டை சீக்கிரமே நன்றாக அடிக்கத் தொடங்கும். ஆயுள் சற்றுக் குறையலாம். அகன்ற ரேகை உள்ளது பழகக் காலம் எடுக்கும்; பிறகு நெடுநாள் உழைக்கும். விளிம்போரச் செந்நிறம், சிறு புள்ளி, வண்ணத்துப்பூச்சிக் கறை என்று சொல்லப்படும் கோடு ஆகியவை மட்டையின் தர வரிசையையும் விலையையும் குறைக்கின்றனவே தவிர, அடியைக் குறைப்பதில்லை. முகம் முழுவதையும் துணியோ பிளாஸ்ரிக் தாளோ மூடியிருந்தாலும், மரம் இயல்புக்கு மீறி வெளுத்திருந்தாலும், அது பெரும்பாலும் தரம் குறைந்த மரம்.

மெத்தென்ற வில்லோவை அப்படியே செதுக்கினால் முதல் அடியிலேயே குழி விழும். அதனால் முகத்தை உருளைகளுக்கு இடையே செலுத்தி அழுத்துகிறார்கள். அழுத்தம் குறைந்தால் மட்டை பள்ளம் விழுந்து உடையும். கூடினால் உயிரற்றுப் போய்ப் பந்தைத் தள்ளாது. இந்த அளவை அறிந்திருப்பதே மட்டைக்காரரின் தொழில் நுட்பம். கைபிடி பிரம்புத் துண்டுகளை ஒட்டி, இடையில் றப்பரோ கோர்க்கோ வைத்துச் செய்யப்படுவது. அடியின் அதிர்வை அதுவே வாங்கிக்கொள்கிறது. கைபிடியும் தகடும் கூர்முனையாகப் பொருந்தும் இடத்தில் இடைவெளியோ பசைக் கசிவோ இருக்கக்கூடாது.

மட்டை நிறுவனங்களை ஒப்பிடும்போது இந்த அழுத்தலும் செதுக்கலுமே பார்க்கத்தக்கவை. இங்கிலாந்தில் ரொபேட்ஸ்பிரிட்ஜின் கிரே நிக்கல்ஸும், 1885 இல் நொட்டிங்ஹாமில் தொடங்கிய கன் அன்ட் மூரும் பழம்பெரும் பெயர்கள். பின்புற நடுப்பகுதியைக் குடைந்து பாரத்தை ஓரங்களுக்கு நகர்த்திய மட்டையை கிரே நிக்கல்ஸ் 1974 இல் கொண்டுவந்தது. இன்றைய மட்டைகளின் பின்புற வளைவுகளில் அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியைக் காணலாம். அவுஸ்திரேலியாவின் குக்கபரா 1890 இல் தொடங்கியது. இந்தியாவின் எஸ்.ஜி. 1931 இல் சியால்கோட்டில் பிறந்து, பிரிவினைக்குப் பின் மீரட்டில் வேரூன்றியது. சியால்கோட்டிலிருந்து வந்த தொழிலாளரே மீரட்டையும் ஜலந்தரையும் விளையாட்டுப் பொருள் நகரங்களாக்கினர். எஸ்.எஸ். நிறுவனமும் மீரட்டைச் சேர்ந்தது. குமார் சங்கக்கார பிடித்து ஆடியதால் இலங்கையில் அதற்குத் தனி மதிப்பு. சியால்கோட்டில் இன்றும் சி.ஏ., எம்.பி. மலிக் போன்றவை தடித்த விளிம்பு மட்டைகளைச் செய்கின்றன. காஷ்மீரின் அனந்தநாக் மாவட்டத்துச் சங்கம் பகுதியில் பெருந்தெருவின் இருமருங்கும் மட்டைத் தொழிலகங்கள்தாம்.

மீரட்டிலும் சியால்கோட்டிலும் செய்யும் உயர்தர மட்டைகளுக்கும் மரம் இங்கிலாந்திலிருந்தே வருகிறது. எனவே ஒரே தர மரத்தில் மீரட் மட்டை இங்கிலாந்து மட்டையைவிடக் குறைந்த விலைக்குக் கிடைப்பதற்குக் காரணம் கூலியும் பெயரும்தான். ஒரே நிறுவனத்தின் ஒரே தரத்தில் அடுக்கியிருக்கும் இரண்டு மட்டைகள்கூட ஒன்றுபோல இரா. அதனால் எந்தப் பெயரை வாங்குவது என்பதைவிட, அந்த அடுக்கில் எந்த மட்டையை எடுப்பது என்பதே பெரிய கேள்வி.

அதற்கு விடை கையில் இருக்கிறது. பெரியவர்களின் மட்டை பொதுவாக 2 இறாத்தல் 7 அவுன்சுக்கும் 2 இறாத்தல் 10 அவுன்சுக்கும் இடைப்பட்டது. ஆனால் தராசு காட்டும் பாரமும் தூக்கும்போது தெரியும் பாரமும் வேறு. ஆடும் நிலையில் நின்று, கைபிடியின் மேல்நுனியைப் பிடிக்கும் கையால் மட்டும் மட்டையைப் பின்னே தூக்கி நேராக வீசிப் பார்க்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தாலோ, மட்டை பக்கவாட்டில் சாய்ந்தாலோ அது பாரம் கூடியது. வளர்ந்த பிறகும் பாவிக்கலாம் என்று பிள்ளைக்குப் பெரிய அளவு மட்டை வாங்குவது பல வீடுகளில் நடப்பது. அப்படி வாங்கிய மட்டை நேரான அடியைப் பழகவிடாது. அந்தக் குறை வளர்ந்த பின்னும் போகாது. மட்டை முகத்தின் தடித்த பகுதி, அதாவது பந்து நன்றாகப் படும் இடம், எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வடக்கில் பல மைதானங்களில் உள்ள பாய் விரித்த ஆடுகளத்தில் பந்து உயர்ந்து எழும். அங்கே அந்த இடம் சற்று மேலே இருப்பது நல்லது. பந்து தாழ்ந்து வரும் புற்றரைக்குக் கீழே இருக்க வேண்டும். கடைசியாக, மரச் சுத்தியலால் முகத்தில் மெல்லத் தட்டினால் சுத்தியல் துள்ள வேண்டும்; ஒலி தெளிவாக எழ வேண்டும்.

ஆட்ட விதியின்படி மட்டையின் நீளம் 96.52 சென்ரிமீற்றரையும் அகலம் 10.8 சென்ரிமீற்றரையும் மீறக்கூடாது. 2017 முதல் தடிப்புக்கு 6.7 சென்ரிமீற்றரும் விளிம்புக்கு 4 சென்ரிமீற்றரும் எல்லை. தகடு மரத்தாலேயே ஆனதாக இருக்க வேண்டும். 1979 இல் பேர்த்தில் அவுஸ்திரேலிய வீரர் டெனிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கிய நிகழ்வுக்குப் பிறகு விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது.

வாங்கிய மட்டையை உடனே ஆட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. சுத்திகரிக்காத லின்சீட் எண்ணெயை ஒரு தேக்கரண்டி அளவு முகத்திலும் விளிம்பிலும் அடியிலும் மெல்லப் பூசி, மட்டையைக் கிடையாக வைத்து ஒரு நாள் உலரவிட்டு, இன்னும் ஓரிரு முறை பூச வேண்டும். கைபிடி பொருந்தும் இடத்தில் எண்ணெய் படக்கூடாது. பின்னர் மரச் சுத்தியலால் நான்கு முதல் ஆறு மணிநேரம், முதலில் மெதுவாகவும் போகப்போக வலுவாகவும் தட்டிப் பழக்க வேண்டும். விளிம்பைச் சாய்வாகத் தட்டி உருட்ட வேண்டும். அதன் பின் பழைய பந்தோடு பயிற்சி, பிறகே புதுப் பந்து.

குடாநாட்டு வெயிலும் பனியும் மட்டைக்கு ஆகாதவை. தகரக் கூரைக்குக் கீழ் கிடக்கும் மட்டை காய்ந்து வெடிக்கும். காலைப் பனி ஊறிய புல்லில் அடிப்பகுதி ஈரம் உறிஞ்சி வீங்கும். அதைத் தடுக்க அடியில் றப்பர் காப்பு ஒட்டலாம். முகத்தில் தோன்றும் நுண்ணிய வெடிப்புகள் பழுதல்ல; அவற்றை ஒட்டுத் தாளால் மூடி ஆடலாம். கைபிடி முறிந்தால் புதியது மாற்றலாம். அடியிலிருந்து நடுவரை தகடு பிளந்த மட்டையை மட்டும் கடினப்பந்துக்கு மீண்டும் எடுக்கக்கூடாது.