உப்பும் அதன் இனமும்

உப்பென்றால் குடியானவர் மனத்தில் தோன்றுவது சோற்றுக்கு இடும் உப்பு ஒன்றே. ரசாயன சாஸ்திரத்திலோ அது ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். அமிலமும் காரமும் கூடுவதால் உண்டாகும் வஸ்துக்கள் உப்புகள் எனப்படும். ஆப்பத்துக்கு இடும் சோடா, கலங்கல் நீரைத் தெளிவிக்கும் படிகாரம், வயலுக்கு இடும் அம்மோனியம் சல்பேட், பயிர் நோய்க்குச் சுண்ணாம்பு சேர்த்துத் தெளிக்கும் மயில்துத்தம் யாவும் இவ்வினத்தவை. சலவைச் சோடாவும் அப்படியே. ஆலைகளில் அதைச் சோற்றுப்பையும் சுண்ணாம்புக் கல்லையும் கொண்டே செய்கிறார்கள். முற்காலத்தில் உவர்மண்ணே அதன் வேலையைச் செய்தது. இவற்றுள் மயில்துத்தம் விஷம். அதை அரிசி பருப்பு நிறுக்கும் தராசில் வைத்தலாகாது.

ஆயினும் விரித்துரைக்க வேண்டியது வேறோர் உப்பு. அதன் பெயர் பொட்டாசியம் அயோடேட். மனிதனுக்கு நாளொன்றுக்கு வேண்டும் அயோடின் 150 மைக்ரோகிராமே. கர்ப்பிணிகளுக்குச் சற்று அதிகம். இவ்வற்ப அளவும் கிட்டாவிடில் கழுத்தில் கழலை வீங்கும். கழலையாவது கண்ணுக்குத் தெரியும். கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சி குன்றுவதோ பிறந்து பல மாதங்கள் சென்றபின்பே புலப்படும். அப்பொழுது அதைச் சீர்படுத்த இயலாது.

இமயமலைச் சாரலிலுள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-ம் வருஷம் டாக்டர் ராமலிங்கசுவாமி முதலானோர் ஒரு பரீட்சை தொடங்கினர். மூன்று பகுதிகளுள் இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றுக்கு வெறும் உப்பும் வழங்கினர். சில வருஷங்களில் முன்னிரண்டு பகுதிகளிலும் கழலை வெகுவாகக் குறைந்தது; மூன்றாவதில் குறையவில்லை. 2006-ம் வருஷம் முதல் உண்பதற்காக அயோடினில்லாத உப்பை விற்பது இந்தியாவில் சட்டவிரோதமாகும். வாங்குவோர் கைக்கு வரும்போது பத்து லட்சம் பங்கு உப்பில் 15 பங்கு அயோடினாவது இருத்தல் வேண்டும்.

ஈரமும் வெயிலும் அயோடினைக் குறைத்துவிடும். ஆகையால் பண்டகசாலையில் மூட்டைகளை வெறுந்தரையில் கிடத்தாமல் பலகைமேல் நிழலில் அடுக்கி, பழையதை முதலில் விற்க வேண்டும். இல்லத்தில் மூடியுள்ள பாத்திரமே தகும். கல்லுப்பைக் கழுவிப் போடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. கழுவிய நீரோடு அயோடினும் போய்விடும். கல்லுப்பை விட மனமில்லாதோர் அயோடின் சேர்த்த கல்லுப்பையே கேட்டு வாங்கலாம்.

தோல் பதனிடுதல் போன்ற தொழில்களுக்கென விற்கும் உப்பில் அயோடின் சேர்க்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. விலை நயமென்று அதைச் சமையலுக்கு எடுத்துச் செல்வோரும் உளர். காரியதரிசிகள் அம்மூட்டைகளை வேறோர் அறையில் வைத்து, உண்பதற்கன்று என்று பெரிய எழுத்தில் பலகை எழுதி மாட்டுதல் அவசியம்.