பட்டியலில் நம் பெயர்

(வாக்காளர் பட்டியல் விளக்கக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





வாக்காளர் பட்டியலுக்காகக் கூட்டம் போட்டுவிட்டு அமெரிக்கக் கதை சொல்கிறோமே என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் விடுதலை பெற்ற பிறகு, 1870இல் அவர்களில் ஆண்களுக்கு வாக்குரிமை உண்டு என்று அமெரிக்க அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டது. அந்த எழுத்தை யாரும் அழிக்கவில்லை. ஆனால் லூசியானா மாநிலத்தில் 1896இல் பட்டியலில் இருந்த கறுப்பினத்தவர் 1,30,334 பேர். 1904இல் 1,342 பேர். இடையில் 1898இல் அந்த மாநிலம் புது விதி எழுதியது. வாக்காளருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சொத்து இருக்க வேண்டும். 1867க்கு முன் வாக்களித்தவரின் மகனோ பேரனோ என்றால் இது எதுவும் தேவையில்லை. நேற்று வரை அடிமையாக இருந்தவனின் பாட்டன் எங்கே போய் வாக்களித்திருப்பான்? இப்படிப்பட்ட பாட்டன் விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1915இல் சொன்னது. எழுத்துத் தேர்வு மட்டும் 1965 வரை பல மாநிலங்களில் நின்றது.

2002, 2005 பட்டியலில் அத்தா பெயரைக் காட்டு, தாத்தா பெயரைக் காட்டு என்று இங்கே கேட்டதும் அதுதானே என்று நம் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். அவசரப்பட்டு அப்படிப் பேசாதீர்கள். அங்கே ஓர் இனத்தை விலக்குவதற்கென்றே விதி எழுதினார்கள். இங்கே எல்லா வீட்டுக்கும் ஒரே படிவம்தான் வந்தது. அந்த முறை சரியா என்பது நீதிமன்றத்தில் வழக்காகச் சென்றது. தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஆனால் காகிதம் கையில் இல்லாதவர், எழுதத் தெரியாதவர், பிழைப்புக்கு ஊர் விட்டுப் போனவர், இவர்கள் பெயர்தான் எந்த நாட்டிலும் முதலில் விடுபடுகிறது.

2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அதில் 26 லட்சத்துக்கு மேல் இறந்தவர்கள். அவர்களை நீக்கியது நியாயம். மீதியில் பெரும் பகுதி இடம் மாறியவர், வீட்டில் இல்லாதவர் என்று குறிக்கப்பட்டது. நம் மரக்காணத்தில் நவம்பரில் யார் வீட்டில் இருப்பார்? மழை இறங்கினால் உப்பளம் தண்ணீரில் கிடக்கும். தை பிறந்து பாத்தி கட்டும் வரை பலரும் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் கூலி வேலைக்குப் போய்விடுகிறார்கள். படிவம் வந்தது சரியாக அந்த மாதங்களில்தான்.

எங்கள் தவறையும் சொல்லிவிடுகிறோம். நவம்பரில் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் மேசை போட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்தோம். வந்தவர்கள் எல்லாம் ஆண்கள். விதவைகளும், வெளியூரிலிருந்து நிக்காஹ் ஆகி வந்த பெண்களும் வரவில்லை என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. இப்போது விடுபட்டதாக எங்களிடம் வந்த பெயர்களில் பெண்களே அதிகம். 2002இல் அவர்கள் பெயர் பிறந்த ஊரில், அத்தா வீட்டு முகவரியில் இருந்திருக்கும்.

இது புதிதும் அல்ல. 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே எழுத வைத்தார்கள். கடைசியில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் நீக்கப்பட்டது. நம் வீடுகளில் பெயர் சொல்லக் கூச்சமில்லை, எழுத்துத்தான் வம்பு. ஓர் அட்டையில் ரஹ்மான், இன்னொன்றில் ரகுமான். ஒன்றில் மும்தாஜ், மற்றொன்றில் மும்தாஸ் பீவி. இதைப் படிவம் 8 கொடுத்துத் திருத்தலாம்.

அமெரிக்காவில் இன்னொரு ஊரையும் சொல்ல வேண்டும். தென் கரோலினாவின் கடலோரத்தில் ஜான்ஸ் தீவு. அங்கே ஈசா ஜென்கின்ஸ் என்பவர் வேலைக்குப் போகிறவர்களைப் பேருந்தில் நகரத்துக்கு ஏற்றிச் செல்வார். பட்டியலில் சேரப் படிக்கத் தெரிய வேண்டுமே என்று பயணிகள் சொல்ல, ஓடும் பேருந்திலேயே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். 1957 ஜனவரியில் செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை முதலானோரின் உதவியோடு இரவு வகுப்பு தொடங்கியது. முன்பக்கம் மளிகைக் கடை, பின்னறையில் பள்ளிக்கூடம். முதலில் வந்தவர்கள் 14 பேர். பாடம் எடுத்த பெர்னிஸ் ராபின்சன் அழகு நிலையம் நடத்தியவர், ஆசிரியர் அல்ல. கையெழுத்துப் போடவும் படிவம் நிரப்பவும்தான் முதலில் கற்றுக் கொடுத்தார். இதே வகுப்புகள் பிறகு தென் மாநிலங்கள் எங்கும் பரவின.

நமக்கு மத்ரஸா இருக்கிறது, கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் பெண்களுக்குத் தனியாக மத்ரஸாவில் உதவி நடக்கும். எழுதித் தருவதும் நம் பெண் பிள்ளைகளே. பெயர் விடுபட்டிருந்தாலும், 18 வயது நிரம்பியிருந்தாலும் படிவம் 6. ஆதார், பழைய வாக்காளர் அட்டை, பிறப்பு அல்லது பள்ளிச் சான்றிதழ், நிக்காஹ் பதிவின் நகல், ஒரு புகைப்படம் கொண்டு வாருங்கள். அத்தா, அம்மாவின் பெயர் பழைய பட்டியலில் எந்த ஊரில் இருந்தது என்று கேட்டு எழுதி வாருங்கள். யாருக்கு வாக்களிப்பது என்ற பேச்சு அங்கே கிடையாது. கட்சிக் கொடியோடும் யாரும் வர வேண்டாம். நடக்க முடியாத முதியவர்கள் இருந்தால் மோதினாரிடம் வீட்டைச் சொல்லி வையுங்கள், இன்ஷா அல்லாஹ் பிள்ளைகள் தேடி வருவார்கள்.