பொருளுக்கு முன்னே கண்



ஓர் ஓவியத்தின் முன் நின்றதும் நம்மில் பலர் கேட்கும் முதற்கேள்வி, ‘இது எதைப் பற்றியது?’ என்பதே. ஓவியமோ அதற்கு முன்னரே நம் கண்ணோடு பேசத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பேச்சைத்தான் நாம் கேளாமல் விட்டுவிடுகிறோம்.

1896இல் மாஸ்கோவில் பிரெஞ்சு ஓவியங்களின் கண்காட்சி ஒன்று நடந்தது. சட்டம் பயின்ற கண்டின்ஸ்கி என்னும் இளைஞர் அங்கே குளோத் மோனேயின் படம் ஒன்றின் முன் நின்றார். அது இன்னதென்று அவருக்கு விளங்கவில்லை. கையேட்டைப் பார்த்த பின்னரே வைக்கோற்போர் என்று தெரிந்தது. இப்படித் தெளிவின்றி வரைய ஓவியருக்கு உரிமையில்லை என்றுகூட எண்ணினார். ஆயினும் அந்தப் படம் அவரை விடவில்லை; நினைவில் அழியாமல் பதிந்துவிட்டது. அவ்வாண்டிலேயே, தேடிவந்த பேராசிரியர் பதவியை மறுத்துவிட்டு, ஓவியம் கற்க மியூனிக் சென்றார். பின்னாளில் அருவ ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

மோனே 1890, 1891ஆம் ஆண்டுகளில் ஜிவெர்னியில் தம் வீட்டருகே நின்ற வைக்கோற்போர்களையே ஏறத்தாழ 25 படங்களாக வரைந்தார். பொருள் ஒன்றுதான். காலையும் மாலையும் வெயிலும் பனியும் மாற மாற, படமும் வேறாயிற்று. பொருளே ஓவியம் என்றால் அவர் முதற்படத்தோடு நின்றிருக்க வேண்டும்.

அப்படியானால் பொருள் வேண்டாமா என்று கேட்பீர்கள். பிகாசோவின் ‘குவெர்னிகா’வை எண்ணிப் பாருங்கள். 1937இல் குண்டுவீச்சுக்கு இரையான ஓர் ஊரின் துயரம் அது. ஆனால் அப்படத்தில் விமானம் இல்லை. கறுப்பும் வெண்மையும் சாம்பல் நிறமும், உடைந்து கூர்த்த வடிவங்களும் முதலில் கண்ணைத் தாக்குகின்றன. அந்த வழியாகவே துயரம் உள்ளே நுழைகிறது. பொருள் அங்கே இருக்கிறது. கண் திறந்துவிட்ட வாசல் வழியே வருகிறது.

நண்பர்களே, பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் கவிதை வாசித்து வருகிறோம். வறுமை, சாதி, யுத்தம் என்று பொருள் பெரிதாக இருந்தபோதெல்லாம் கைதட்டியிருக்கிறோம். என் கவிதைகளுக்கும் அக்கைதட்டல் கிடைத்ததுண்டு. அவற்றுள் சிலவற்றை இன்று படிக்கையில், பொருளின் பெருமைக்குப் பின்னே நான் ஒளிந்துகொண்டிருந்தது தெரிகிறது. சொல் அங்கே எந்த வேலையும் செய்யவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் ஒரு கவிதையைக் கேட்டதும், ‘என்ன சொல்கிறார்?’ என்று உடனே கேட்க வேண்டாம். சற்றுப் பொறுத்து, காதில் என்ன நிற்கிறது என்று பார்ப்போம். முதலில் என் கவிதையையே அவ்வாறு சோதியுங்கள்.