அணை ஓரிடம், விளக்கு ஓரிடம்



பொருள் வேண்டி நிற்போரின் சொற்களைத் தொல்காப்பியர் மூன்றாகப் பகுத்தார். தாழ்ந்தோன் 'ஈ' என்பான். ஒத்தோன் 'தா' என்பான். உயர்ந்தோன் 'கொடு' என்பான். ஒரு நாடு பிறநாடுகளிடம் கேட்கும்போது இவற்றுள் எச்சொல்லால் கேட்டது என்பதைக் கடன்முறியே காட்டிவிடும். ஆப்பிரிக்காவின் கானா அதற்குச் சான்று.

1957இல் விடுதலை பெற்ற கானாவின் தலைவர் குவாமே நிக்ருமா, வோல்ட்டா ஆற்றை அக்கோசோம்போவில் மறித்து மின்னாற்றல் எடுக்க முனைந்தார். செலவில் பாதியைக் கானா ஏற்றது. எஞ்சியதை உலக வங்கியும் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கடனாகத் தந்தன. இதற்கு 'உதவி' என்று பெயர். வட்டியோடு திருப்பவேண்டிய பணத்துக்கு அப்பெயர் எங்ஙனம் பொருந்துமோ!

கடன் தந்தோர் முதற்கண் நாடியது, பணம் தவறாது திரும்பும் என்னும் உறுதி. ஊர்தோறும் விளக்கேற்றினால் அவ்வுறுதி கிட்டாது. நெடுங்காலம் மொத்தமாக மின்னாற்றல் வாங்கும் ஆலை இருந்தால் கிட்டும். ஆகவே அமெரிக்கக் கெய்சர் நிறுவனம் 90 விழுக்காட்டுப் பங்குடன் தேமாத் துறைமுகத்தில் அலுமினிய ஆலை நிறுவியது. மின்விலை மிகக் குறைவாக 30 ஆண்டுகளுக்கு வரையறுக்கப்பட்டது. கானாவின் அவாசோவிலோ அலுமினியத்துக்கு மூலமாகிய பாக்சைட்டு மண் உண்டு. அது கப்பலேறி அயல்நாடு சென்றது. ஆலைக்கு வேண்டிய அலுமினா கடல்கடந்து வந்தது!

1965இல் அணை முடிந்தது. ஏறத்தாழ 8,500 சதுரக் கிலோமீட்டர் நிலம் நீருள் மறைந்தது. எழுநூறுக்கு மேற்பட்ட சிற்றூர்களிலிருந்து 80,000 பேரளவில் பெயர்க்கப்பட்டனர். புதுக்குடியிருப்புகளில் பல அறைகளுக்கு அடித்தளமிட்டு, ஓரறையை மட்டும் கட்டிக்கொடுத்து, மற்றவற்றை நீங்களே எழுப்பிக்கொள்க என்றனர். உழுநிலம் போதாமையால் பலர் வெளியேறினர். ஏரிக்கரைச் சிறாரிடையே, நத்தைவழிப் பரவிச் சிறுநீரோடு குருதி போக்கும் நோய் பெருகியது. குடியமர்ந்த ஊர்கள் பல, அணையின் மின்கம்பி மேலே செல்ல, பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கோடு கிடந்தன.

மண்ணை இழந்தவனுக்கு மாற்றுநிலம், மருத்துவம், விளக்கு ஆகியவை முதற்செலவாகக் கடன்முறியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆலைக்கு 30 ஆண்டு உறுதி எழுதத் தெரிந்த கைகளுக்கு இது தெரியாததன்று. கணக்கில் அவன் 'பொறுப்புள்ள வாங்குநன்' அல்லன், அவ்வளவே.

1985இல் கானா மீண்டும் பேசி மின்விலையைப் பன்மடங்கு உயர்த்திக்கொண்டது. 2004இல் கெய்சரின் பங்கையும் விலைகொடுத்து வாங்கியது.