தொகுதி எல்லைக்கு முன் ஒரு பதிவேடு

தலைமை நாற்காலியில் அமர்பவருக்குப் பெருமிதத்தோடு சிறு பதற்றமும் சேர்ந்தே வருகிறது. எதிரே இருப்பவர்கள் துறையைக் கரைத்துக் குடித்தவர்கள். சட்டமும் அறிவியலும் பொது நிறுவனங்களும் அரசின் முடிவுகளை எப்படி உருவாக்குகின்றன என்பது இந்த மாநாட்டின் பொருள். அதைப் பேச மதுரை மாட்டுத்தாவணி ஏற்ற இடம். அருகிலேயே 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இயங்குகிறது. மேலூர்ப் பேருந்தில் ஏறினால் அரிட்டாபட்டியும் தூரமில்லை.

முல்லைப் பெரியாறு பற்றி அமர்வுகளில் நிறையவே பேசப்படும். ஒன்றை மட்டும் சொல்லிக் கடக்கலாம். அணையின் உறுதியை ஆராய உச்ச நீதிமன்றம் 2010இல் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் குழு அமைத்தது. அதன் அறிக்கையைத் தமிழகம், கேரளம் ஆகிய இரு மாநிலங்களும் கேள்வி கேட்க முடிந்தது. அதன் பிறகே 2014 மே 7 அன்று 142 அடி நீர்மட்டம் உறுதியாயிற்று. அங்கே அறிவியலைக் குறுக்கு விசாரணை செய்ய ஓர் இடம் இருந்தது.

அரிட்டாபட்டிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 எக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தளமாகத் தமிழக அரசு அறிவித்தது. லகர் வல்லூறு, எறும்புத்தின்னி, தேவாங்கு, தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் குடைவரை எல்லாம் அங்கே உண்டு. மறு ஆண்டே கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசின் கைக்குப் போனது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்துக்கு ஏலம் போனதாக அறிவிப்பு வந்தது. தொகுதியின் பரப்பு 2,015.51 எக்டேர். பாரம்பரியத் தளம் அதற்குள்ளேயே இருந்தது.

இது தெரியாமல் நடந்த பிழை என்று எழுதிய நண்பர்களோடு மரியாதையுடன் முரண்பட வேண்டியிருக்கிறது. தளம் தொகுதிக்குள் வருவது ஏலத்துக்கு முன்பே கோப்பில் இருந்தது. அது வெறும் விகிதமாக, மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடமாக, படிக்கப்பட்டது. விகிதக் கணக்குக்கு மலை வேறு, வயல் வேறு. மேலூர் விவசாயிக்கு அப்படியில்லை: மலையில் பெய்த மழை ஓடை வழியே கண்மாய்க்கு வரும், கண்மாய் நிறைந்தால் கலுங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்குப் போகும், மடையைத் திறந்தால் வயலுக்கு வரும். 2024 டிசம்பர் 24 அன்று, பாரம்பரியத் தளத்தை விட்டுவிட்டு எல்லையை மறுபடி வரைய ஆராயுமாறு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் மத்திய அரசு கேட்டது. ஊர்கள் அதை ஏற்காததன் காரணம் இந்த நீர்த்தொடர்தான். சட்டமன்றம் டிசம்பர் 9 அன்றே தீர்மானம் போட்டிருந்தது. ஜனவரி 7 அன்று மக்கள் மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்குத் திரண்டு நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

அறிவியலைத் தெரு தோற்கடித்தது என்று ஒரு வாதம் நம் துறையில் சுற்றி வருகிறது. அது தவறு. அங்கே இரண்டு அறிவியல்கள் இருந்தன: புவியியல் துறையினுடையது ஒன்று, ஊராருடையது மற்றொன்று. முன்னதற்குத்தான் மேசையருகே நாற்காலி போடப்பட்டது. பின்னது பதிவாக வேண்டிய இடம், நம் ஆய்வாளர்கள் ஏறக்குறைய திறந்தே பார்க்காத ஆவணமான மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு, ஊராரைக் கேட்டு அதைத் தயாரிக்க வேண்டும் என்பது 2004 விதிகள் முதலே சட்டம்.

அவசரத்தில் நிரப்பிய பதிவேடுகளைச் சான்றாகக் கொள்ளலாமா என்று மூத்த அறிஞர்கள் சிலர் கேட்டதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2020 பிப்ரவரி முதல், பதிவேட்டுப் பணியை முடிக்கத் தவறும் மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்தது. அந்தக் கெடுவுக்காக ஓடிய ஓட்டத்தில் பல இடங்களில் படிவம்தான் நிரம்பியது. ஆனால் குறையுள்ள ஆவணத்தைத் திருத்த வேண்டும், தள்ளக் கூடாது. புவியியல் துறை வரைந்த எல்லையையும் மறுபடி பார்க்கத்தானே சொன்னார்கள்? ஒன்றுக்குக் கிடைத்த திருத்தும் உரிமை மற்றொன்றுக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும்?

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. பல்லுயிர்ச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, உயிரி வளங்கள் பற்றி முடிவெடுக்கும்போது மேலாண்மைக் குழுவுடன் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. அது பல்லுயிர் ஆணையத்தையும் மாநில வாரியங்களையும் மட்டுமே கட்டுப்படுத்தும். சுரங்க அமைச்சகத்தை அல்ல. பாரம்பரியத் தளம் பற்றிய 37ஆம் பிரிவிலோ சுரங்கத்துக்கு வெளிப்படையான தடை இல்லை.

ஆகவே இந்த அவையிடம் ஒரு வேண்டுகோள். எந்தக் கனிமத் தொகுதியும் ஏலத்துக்குப் போகுமுன், அதற்குள் வரும் ஊர்களின் பல்லுயிர்ப் பதிவேடுகள் கோப்பில் சேர்க்கப்பட்டு, அவற்றுக்கு எழுத்தில் பதில் தரப்பட வேண்டும். மாநாட்டின் நிறைவுத் தீர்மானத்தில் இதைச் சேருங்கள். உங்கள் ஊர் ஊராட்சி அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். குறை இருந்தால் எழுதிக் கொடுங்கள்.