எந்தக் குற்றம் ஏட்டில் நிற்கும்?

ஒரு கொலை நடந்த அன்று எல்லாத் தொலைக்காட்சிகளிலும் அதே செய்திதான். சில மணி நேரத்துக்குள் விக்கிப்பீடியாவில் அதற்கொரு கட்டுரையை யாராவது தொடங்கிவிடுகிறார். உடனே இதை வைத்திருக்கலாமா, நீக்கிவிடலாமா என்று விவாதம் எழுகிறது. பத்திரிகையில் வந்தது மட்டும் போதாது என்பதே அங்குள்ள நெறி. செய்தி எத்தனை காலம் நீடித்தது, சம்பவ ஊரைத் தாண்டிப் பேசப்பட்டதா, அதனால் பின்னர் ஏதாவது மாறியதா என்றெல்லாம் பார்க்கிறார்கள்.

சில வழக்குகளில் சிக்கலே இல்லை. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் 'இந்து நேசன்' பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் திரை நட்சத்திரங்களான தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்றார்கள். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். கொன்றது யார் என்ற கேள்வி மட்டும் இன்றும் தீரவில்லை.

கடினமானவை, ஆரவாரம் இல்லாமல் நடந்த குற்றங்கள்தான்.

1972 மார்ச். மகாராஷ்டிரத்தில் தேசாய்கஞ்ச் காவல் நிலையம். புகார் விசாரணைக்காக வந்த ஒரு பழங்குடிப் பெண்ணை உள்ளேயே நிறுத்திவைத்து, உடன் வந்தவர்களை வெளியே அனுப்பினார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு. செஷன்ஸ் நீதிமன்றம் விடுவித்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. அந்தப் பெண்ணின் உடலில் காயம் இல்லை என்பதையும் காரணமாகச் சொன்னது.

உபேந்திர பக்சி உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின. 1983-இல் சட்டமே திருத்தப்பட்டது. காவலில் நடந்த வன்முறையில், உறவு நடந்தது நிரூபணமாகி, தான் இசையவில்லை என்று பெண் சாட்சியம் சொன்னால், அவர் இசையவில்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்றானது.

1972-இல் யாராவது இந்தக் குற்றத்தை எடைபோட்டிருந்தால், மாவட்டச் செய்தி என்று ஒதுக்கியிருப்பார். அதனால்தான் அவசரப்படாமல் காத்திருப்பது நல்லது. இன்று கட்டுரை இல்லையென்றால் நாளை எழுதலாம். ஆனால், தீர்ப்பு வராத ஒரு சாதாரண மனிதரைக் குற்றவாளியாக்கி எழுதிவிட்டால், அந்தக் கறையைத் துடைப்பது எளிதல்ல.

பாதிக்கப்பட்டவருக்கும் இது பொருந்தும். அவர் வாழ்க்கையையே ஒரு பதிவாக்காமல், வழக்கைப் பற்றி எழுதினால் போதும். மேலே சொன்ன அதே 1983 திருத்தம்தான், பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவதையும் இந்தியாவில் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.